பளு தூக்கும் பார்: விற்பவரும் தெரிந்திருக்க வேண்டும்

யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் எங்கள் வாப்பா நடத்தியது இரும்புக்கடை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது கடையும் போனது. புத்தளத்தில் பல வருடங்கள் கழித்து, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து மீண்டும் கடை திறந்தேன். பழைய வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் வாப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெயர்தான் எனது முதல் முதலீடு.

அப்படி வந்தவர்தான் சாவகச்சேரியில் ஜிம் தொடங்கிய ஒரு தம்பி. தரையில் இருந்து பளு தூக்கும் டெட்லிப்ட் பயிற்சிக்கு விசேட பார் ஒன்று கேட்டார். மொத்த வியாபாரி ஒருவர் "இதுதான் டெட்லிப்ட் பார்" என்று தந்ததை, நான் அளந்தும் பார்க்காமல் விற்றுவிட்டேன். 180 கிலோ ஏற்றிச் சில வாரங்கள்தான், பார் திரும்பி வந்தது.

"நானா, இது வளைஞ்சு போச்சு. உங்கட வாப்பாட்ட வாங்கின அலவாங்கு இன்னும் எங்கட வீட்டில நேரா நிக்குது" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலும் வேறு ஊர்களிலும் ஜிம்கள் பெருகுகின்றன. நாளை உங்கள் கடைக்கும் இந்தக் கேள்வி வரலாம்.

முதலில், நல்ல பாரும் வளையும். பாரம் ஏறும்போது வளைந்து, இறக்கியதும் நிமிர வேண்டும். தரம் குறைந்த இரும்பு தன் எல்லையைத் தாண்டியதும் வளைந்தபடியே நின்றுவிடும். வாங்குமுன் இழுவிசை வலிமையைக் கேளுங்கள். சதுர அங்குலத்துக்கு 190,000 இறாத்தல் அளவில் உள்ளவை நம்பத்தக்கவை. அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது வகை. டெட்லிப்ட் பார் சுமார் 27 மில்லிமீற்றர் தடிப்பும் 2.3 மீற்றர் நீளமும் கொண்டது. மெல்லியதாகவும் நீளமாகவும் இருப்பதால் நடுப்பகுதி முதலில் மேலெழும்பும். தட்டுகள் சற்றுப் பிந்தியே தரையை விடும். அதற்குள் தூக்குபவரின் உடல் நிமிரத் தொடங்கிவிடும், ஆரம்பம் இலகுவாகும். பிடியும் நன்றாக விழும். ஆனால் தோளில் வைத்துக் குந்தி எழும் பயிற்சிக்கு இது ஆடும், உதவாது.

பவர் பார் 29 மில்லிமீற்றர், விறைப்பானது. மூன்று வகைத் தூக்கலுக்கும் பொருந்தும். சர்வதேச பவர்லிப்டிங் சம்மேளனத்தின் விதிப்படி பாரின் தடிப்பு 28 முதல் 29 மில்லிமீற்றர், நீளம் 2.2 மீற்றருக்கு மேற்படக் கூடாது. ஆகவே அந்த விதிப்படி போட்டியிடுபவர் மெல்லிய பாரிலேயே பழகினால் மேடையில் ஏமாறுவார். வேறு சில சம்மேளனங்கள் டெட்லிப்ட் பாரை அனுமதிக்கின்றன.

மூன்றாவது, அறுகோண வடிவ ட்ராப் பார். தூக்குபவர் அதன் நடுவில் நிற்பதால் பாரம் உடலுக்கு நேராக அமையும், இடுப்பில் சுமை குறையும். புதியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நல்லது. பவர்லிப்டிங் போட்டியில் செல்லாது.

எமது குடாநாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: உப்புக்காற்று. மெருகு பூசாத இரும்பு விரைவில் துருவேறும். நாகப்பூச்சு அதைவிட மேல். கடின குரோமியம் இன்னும் நல்லது. துருப்பிடிக்காத உருக்கு எல்லாவற்றிலும் சிறந்தது, விலையும் அதிகம். எதுவானாலும் வாரம் ஒருமுறை தூரிகையால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லப் பூசச் சொல்லுங்கள்.

இறக்குமதி செய்பவர்கள் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட பொருளின் ஏற்றுகூலியும் சுங்கமும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. முற்பணம் வாங்காமல் ஓடர் கொடுக்காதீர்கள்.

பொருள் வந்ததும் மூன்று சோதனை: வேர்னியரால் தடிப்பை அளங்கள், தராசில் நிறுங்கள், 20 கிலோ என்றால் 20 கிலோ இருக்க வேண்டும், இரு தாங்கிகளில் வைத்து உருட்டுங்கள், நடுப்பகுதி துள்ளினால் பார் கோணல். பின்பு வகை, தடிப்பு, எடை மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் ஜிம்மில் ஒரேயொரு பார்தான். எனவே இரண்டாவது தடவை டெட்லிப்ட் பாரை விற்கவில்லை. பவர் பாரைத்தான் கொடுத்தேன். "இரண்டாவது பார் வாங்கும் நாளில் மெல்லியதைப் பார்ப்போம்" என்றேன். போன மாதம் அதற்கும் ஓடர் தந்துவிட்டுப் போனார்.