ஏறிய எண் ஏன் இறங்கியது?



2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு.

"தாத்தா, 2032-ல ஒரு பெரிய கல்லு பூமி மேல மோதப் போகுதாமே! அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. நான் காலேஜுக்கே போக முடியாதா?"

கேட்கும்போதே அவள் கண்களில் நீர் முட்டியது.

"அழாதேம்மா. 'மோதப் போகிறது' என்று போட்டிருக்கிறார்களா, 'மோத வாய்ப்பு இருக்கிறது' என்று போட்டிருக்கிறார்களா? மறுபடி வாசி" என்றேன்.

வாசித்தாள். "வாய்ப்பு 2.3 சதவீதம்னு இருக்கு. ஆனா தாத்தா, போன வாரம் 1.3 தான் இருந்துச்சு. ஏறிக்கிட்டே போகுதே!"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்தக் கல்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்கிறோம். இதுவரை கண்டுபிடித்தவை மட்டும் பதினான்கு லட்சத்துக்கு மேல்! இவற்றில் சில, பாதை மாறிப் பூமியின் பக்கமாகவும் வந்து போகும். அப்படிப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டின் இறுதியில் 40,000-ஐத் தாண்டியது.

அவள் படித்த செய்தி, '2024 ஒய்.ஆர்.4' என்ற சிறுகோளைப் பற்றியது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் உள்ள 'அட்லஸ்' தொலைநோக்கி, 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டுபிடித்தது. சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அந்த உயரம் இருக்கும் அந்தக் கல்.

இந்தப் பெயரிலேயே ஒரு ரகசியம் உண்டு. 2024 என்பது கண்டுபிடித்த ஆண்டு. ஆங்கில எழுத்து 'ஒய்', டிசம்பர் மாதத்தின் பின்பாதியைக் குறிக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு எழுத்துகள். ஜனவரி முன்பாதி 'ஏ', பின்பாதி 'பி', பிப்ரவரி முன்பாதி 'சி', இப்படியே போகும். ('ஐ' என்ற எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.) இனி இப்படி ஆண்டும் எழுத்தும் கொண்ட பெயரைப் பார்த்தால், அந்தச் சிறுகோளை எந்த மாதத்தின் எந்தப் பாதியில் கண்டுபிடித்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம்!

கயிறு சொல்லும் கணக்கு

இப்போது அவள் கேள்விக்கு வருவோம். விளையாட்டுத் திடலில் இதைச் செய்து பாருங்கள்.

100 அடி நீளமுள்ள கயிறு ஒன்றைத் தரையில் நேராகப் போடுங்கள். கயிற்றின் நடுவிலிருந்து 10 அடி தள்ளி, கயிற்றின் மேல் நீங்கள் நில்லுங்கள். நீங்கள்தான் பூமி. ஓர் அடி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாகக் கண்டுபிடித்த சிறுகோளைச் சில நாள்தான் பார்த்திருப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து அது எங்கே இருக்கும் என்று துல்லியமாகச் சொல்ல அது போதாது. 'இந்தக் கயிற்றின் நீளத்துக்குள் எங்கேயாவது இருக்கும்' என்றுதான் சொல்ல முடியும். 100 அடியில் உங்கள் பங்கு 1 அடி. ஆகவே உங்கள்மேல் மோத வாய்ப்பு 1 சதவீதம்.

மேலும் சில நாள் அளந்து பார்க்கிறார்கள். கணக்கு தெளிவாகிறது. உங்கள் நண்பர்கள் இருவர் கயிற்றை இரு முனைகளிலிருந்தும் ஒரே அளவாகச் சுருட்டட்டும். கயிறு 50 அடி ஆகிறது. நீங்கள் இன்னும் கயிற்றின் மேல்தான். 50-ல் 1, அதாவது 2 சதவீதம். இன்னும் சுருட்டி 33 அடி ஆனால், ஏறக்குறைய 3 சதவீதம்!

பார்த்தீர்களா? கல் உங்களை நோக்கித் திரும்பவில்லை. நம் அறியாமைதான் சுருங்கியது. எண் மட்டும் ஏறியது.

இன்னும் சுருட்டுங்கள். கயிறு 10 அடி ஆகும்போது அதன் முனை உங்களைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் வெளியே நிற்பீர்கள். வாய்ப்பு, பூஜ்யம்!

நோட்டில் எழுதிய எண்கள்

அந்தச் சிறுமியிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தேன். "செய்தி வரும்போதெல்லாம் தேதியையும் எண்ணையும் எழுதி வை" என்றேன். பழைய செய்தியையும் சேர்த்து அவள் எழுதியது இது:

ஜனவரி 29: 1.3 சதவீதம்
பிப்ரவரி 7: 2.3 சதவீதம்
பிப்ரவரி 18: 3.1 சதவீதம்
பிப்ரவரி 19: 1.5 சதவீதம்
பிப்ரவரி 20: 0.28 சதவீதம்
பிப்ரவரி 24: 0.004 சதவீதம்

கடைசி வரியை எழுதிவிட்டு, "தாத்தா, கயிறு என்னைத் தாண்டிடுச்சு!" என்று துள்ளினாள். 2032 டிசம்பர் 22 அன்று அந்தக் கல் பூமியில் மோதாது என்பது அந்த மாதமே தெளிவாகிவிட்டது.

தெரியாமல் சொன்ன பதில்

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

2004 டிசம்பர் 26. நம் கடற்கரையைச் சுனாமி தாக்கிய நாள். அப்போது நான் கடலோர மாவட்டம் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு பையன் எழுந்து, "சார், கடல் வந்திருச்சு. அடுத்து வானத்துலேர்ந்தும் ஏதாவது வருமா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் வராதுடா, உட்கார்" என்றேன். அவ்வளவுதான்.

வெகுநாள் கழித்து நூலகத்தில் ஓர் அறிவியல் இதழைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். அதே வாரத்தில் 'அபோபிஸ்' என்று பின்னால் பெயர் பெற்ற சிறுகோளைப் பற்றி வானியல் அறிஞர்கள் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! 300 மீட்டருக்கும் பெரிய கல். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு உண்டு என்பது, 2004 டிசம்பர் 27 அன்றைய கணக்கு. சுனாமிச் செய்திகளுக்கு நடுவே அதைக் கவனித்தவர்கள் குறைவு.

அதே நாளில் விடையும் கிடைத்தது. எங்கே தெரியுமா? பழைய படங்களில்! அந்த ஆண்டு மார்ச் மாதமே எடுத்திருந்த படங்களில் அந்தக் கல் மங்கலாகப் பதிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் கயிறு சடாரென்று சுருங்கியது. 2029-ல் மோதாது என்று தெரிந்தது. 2021-ல் ரேடார் மூலம் அளந்து, இன்னும் 100 ஆண்டுகளுக்காவது அதனால் ஆபத்து இல்லை என்றும் உறுதி செய்தார்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் சரிதான். ஆனால் தெரிந்து சொன்ன பதில் இல்லை. அது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

கயிறு தாண்டாவிட்டால்?

"எப்போதும் பூஜ்யம்தான் வருமா?" என்று கேட்பீர்கள். இல்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வெடித்தது. அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டியே யாருக்கும் தெரியவில்லை. வானில் பளிச்சென்று ஒளி. என்னவென்று பார்க்கப் பலர் ஜன்னலுக்கு ஓடினார்கள். சற்று நேரம் கழித்து வந்த அதிர்வலையில் கண்ணாடிகள் நொறுங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஆகவே வானில் திடீரென்று பேரொளி தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள். இதை நினைவில் வையுங்கள்.

பெரிய கல் ஒன்று வருவது முன்பே தெரிந்தால் அதைத் தள்ளிவிட முடியுமா? அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசா அனுப்பிய 'டார்ட்' விண்கலம், 'டைமார்போஸ்' என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. இன்னொரு சிறுகோளை அது சுற்றிவரும் நேரம் அரைமணிக்கும் மேல் குறைந்தது. (அந்தக் கல்லால் நமக்கு ஆபத்து எதுவும் இல்லை. சோதனைக்காகத்தான் இடித்தார்கள்.) பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் சிறிய தள்ளலே போதும். அதனால்தான் இரவெல்லாம் வானத்தைத் தேடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் அப்படித் தேடியிருக்கிறார்கள். 1988-ல் காவலூர் வானியல் ஆய்வகத்தில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? 'ராமானுஜன்'! ஆம், நம் கணித மேதையின் பெயர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த முறை 'பூமியை உரசப் போகும் கல்' என்று தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகிறது? நிலவு இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். 'அருகில்' என்று சொல்லும் பல கற்கள் நிலவைவிடப் பல மடங்கு தள்ளியே போகின்றன.

2. 'மோதும்' என்கிறார்களா, 'வாய்ப்பு' என்கிறார்களா?

3. இதைச் சொன்னது யார்? வானியல் ஆய்வகமா, வாய்வழி வதந்தியா?

விடைகளைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இதைக் குறித்து வையுங்கள்: அபோபிஸ், நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலையில், சித்திரைப் பிறப்பை ஒட்டி, பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டரில் கடந்து போகும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் உள்ளவர்கள் அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

அன்று உங்கள் தம்பியோ தங்கையோ பயந்து வந்து கேட்டால், "அதெல்லாம் வராது, உட்கார்" என்று சொல்லாதீர்கள். கயிற்றை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள்!