பாய்ந்தவன் இறங்கும் வித்தை

1958ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்குரிய முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அந்த 2.03 என்னும் எண்ணை மனப்பாடமாகச் சொல்பவர் நம்மவருள் இன்றும் உளர். ஆனால், குறுக்குத் தடியைக் கடந்த சரீரம் மறுபுறத்தில் எவ்வாறு பூமிக்கு வந்து சேர்ந்தது என்று விசாரிப்பவர் அரியர். அக்காலத்துப் பாய்ச்சற்காரருக்கு இன்றுள்ள தடித்த மெத்தை வாய்த்ததில்லை. மணலோ மரத்தூளோ இட்ட குழியே கதி. ஆகையால் எப்படி இறங்கலாம் என்பதே எப்படிப் பாயலாம் என்பதையும் நிர்ணயித்தது. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகுப்புறமாகத் தடியைக் கடந்து 2.24 மீற்றர் பாய்ந்து உலகை வியக்கவைத்தாரெனில், மணலின் இடத்தை மெத்தை பிடித்துக்கொண்டிருந்தமை அதற்கு ஒரு பெருங்காரணம். மணலிலே பிடரிபட விழத் துணிந்தவன் இரண்டாம் முறை பாய வரமாட்டான்.

விழுகிறவனை வருத்துவது உயரத்தைக் காட்டிலும் நிறுத்தமே. உடலின் பாரமையம் ஒன்றரை மீற்றர் வீழ்ந்து, பத்துச் சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், உடல் தாங்கும் சராசரி விசை அதன் நிறையைப் போல் பதினாறு மடங்கு. அதே வீழ்ச்சி அரை மீற்றர் தூரத்திற் படிப்படியாக அடங்குமானால் நான்கே மடங்கு. நமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல்நாள், இறுகிக் கிடக்கும் மணலை மண்வெட்டியாற் கொத்திப் புரட்டிவிடும் மாணவனும், நீளம் பாயப்போகும் பிள்ளையிடம் "தம்பி, காலை விறைப்பாக வைச்சுக்கொண்டு விழாதை, முழங்காலை மடக்கு" என்று சத்தமிடும் ஆசிரியரும், இந்தக் கணக்கை எழுதாமலே செய்துமுடிக்கிறார்கள். மணல் கொஞ்சம் அமிழ்கிறது, முழங்கால் கொஞ்சம் மடிகிறது. இரண்டும் சேர்ந்து நிறுத்தத்தின் தூரத்தை நீட்டிக் கொடுக்கின்றன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் கற்றுக் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனைகளை நிலைநாட்டிய அனித்தா ஜெகதீஸ்வரனுக்கோ அவ்வேலையை மெத்தை செய்தது. மெத்தையும் மணலும் இல்லாத சந்தர்ப்பம் ஒன்றை, 2021 டிசம்பரிற் பருத்தித்துறைப் பகுதியில் பெரும் பட்டமொன்று கயிற்றோடு ஆகாயத்துக்குத் தூக்கிச் சென்ற இளைஞரின் காணொளியில் உலகமே கண்டது. கீழே விழுந்த அவர் சிறு காயங்களோடு தப்பியது பாக்கியமே.

குன்றென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத சுண்ணக்கற் சமவெளியாகிய நம் குடாநாட்டிலிருந்து நோர்வேயிற் குடியேறியோர் பலர். அவர்களைக் காணப் போனவர்கள் ஒஸ்லோ நகரின் ஹொல்மன்கொல்லன் குன்றிலே நிற்கும் பனிச்சறுக்குப் பாய்மேடையைப் பார்த்திருக்கக்கூடும். மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்திற் சறுக்கி வந்து அந்தரத்தில் தாவும் வீரர், நூறு மீற்றருக்கும் அப்பாற் சென்று இரு காலிலும் நின்றபடி இறங்குவதைக் காண்போர், இவர் எலும்பு ஏன் நொறுங்கவில்லை என்று திகைப்பது இயல்பு. அதன் ரகசியம் குன்றின் வடிவத்தில் இருக்கிறது. இறங்கும் சரிவு, வீரரின் பறப்புப் பாதையோடு ஏறக்குறைய ஒத்து ஓடுமாறு செதுக்கப்பட்டிருப்பதால், ஓடும் பஸ்சிலிருந்து பஸ் போகும் பக்கமே ஓடி இறங்குபவனைப் போல, வேகத்தின் பெரும்பங்கை அவர் நிறுத்தவேண்டியதில்லை. சரிவுக்குச் செங்குத்தான சிறுபங்கை மட்டும் உள்வாங்கினாற் போதும். செக்கனுக்கு 28 மீற்றர் வேகமும், பாதைக்கும் சரிவுக்கும் இடையே 8 பாகைக் கோணமும் என்று வைத்துக்கொண்டால், அச்சிறுபங்கு முக்கால் மீற்றர் உயரத் திண்ணையிலிருந்து குதிப்பதற்குச் சமம். ஆனால் வீரர் அளவுக்கு மிஞ்சித் தூரம் பறந்து, சரிவு தட்டையாகத் தொடங்கும் இடத்தில் விழுந்து, கோணம் 20 பாகை ஆகிவிட்டால், அதே வேகம் நாலரை மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகிவிடும். வெற்றி சற்றே அதிகமானால் அதுவே ஆபத்தாகிற விளையாட்டு வேறு அதிகம் இல்லை.

இனி, இதைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் பிரயாசையைப் பார்ப்போம். பின்லாந்தின் யுசி கொஸ்கேலா உருவாக்கிய 'டீலக்ஸ் ஸ்கீ ஜம்ப்' என்னும் விளையாட்டு, ஆடம் மாவிஷ் என்னும் வீரர் போலந்து நாட்டையே பித்துப்பிடிக்க வைத்திருந்த காலத்தில் அங்கே மிகப் பரவலாக ஆடப்பட்டது. காற்றும் உடற்சாய்வும் பறப்பின் தூரத்தை எவ்வளவு நுட்பமாக மாற்றுகின்றன என்பதை அது நன்றாகவே காட்டியது. இறங்குதல் என்று வரும்போதோ இவ்வகை விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை ஒரு பொத்தானை அழுத்தும் கணத்தையே தீர்ப்பாகக் கொள்கின்றன: முந்தி அழுத்தினாற் தூரம் குறையும், பிந்தி அழுத்தினால் விழுவான். விழாதவனுக்கு ஓர் அசைவுப்படம், விழுந்தவனுக்கு வேறோர் அசைவுப்படம் என முன்னரே தயாரித்து வைத்திருப்பார்கள். தள்ளாடியும் விழாமல் மீள்கிறானே, அவனுக்கு அங்கே இடமில்லை. என் அபிப்பிராயத்தில், பாய்தலின் அரைவாசி நாடகம் அந்தத் தள்ளாட்டத்திலேதான் இருக்கிறது.

சமநிலையைக் கணிக்கும்போது, பாரமையத்துக்கு நேர்கீழே பாதம் இருக்கிறதா என்று பார்த்தாற் போதுமென்று பள்ளியிற் படித்தோம். அது நின்றுகொண்டிருப்பவனுக்கே பொருந்தும். அசைகிறவனுக்கு இருப்பிடத்தோடு வேகத்தையும் சேர்த்தெண்ண வேண்டும் என்று ஒல்லாந்த அறிஞர் ஹொஃபும் சகாக்களும் 2005இல் ஒரு சூத்திரம் வகுத்தனர். பாரமையம் ஒரு மீற்றர் உயரத்தில் இருக்க, உடல் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்திற் பக்கவாட்டிற் சரியுமானால், விழாமற் தப்ப அம்மையத்துக்கு 32 சென்ரிமீற்றர் அப்பாற் காலை ஊன்றவேண்டும். தெருவில் இடறியவன் ஓர் எட்டு வைத்து அதைச் சாதிக்கிறான். இரண்டரை மீற்றர் நீளச் சறுக்குகட்டைகளைக் காலிற் பூட்டியவனோ எட்டு வைப்பது எங்ஙனம்? அவனுக்கு எஞ்சியவை முழங்காலும் இடுப்பும் கைகளுமே. தாழக் குந்தினால் மையம் தாழ்ந்து, தேவைப்படும் தூரமும் குறைகிறது. ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் வைத்து இறங்கும் டெலிமார்க் முறை, பார்வைக்கு அழகாக இருப்பதோடு, முன்பின் திசையில் அடித்தளத்தை நீட்டியும் கொடுக்கிறது. நடுவர்கள் அதற்குப் புள்ளி வழங்குவது வெறும் அலங்காரப் பிரீதியால் அன்று என்றே நினைக்கிறேன். பக்கவாட்டுச் சரிவுக்கு விரித்த கைகளே துணை: சரியும் திசையிலேயே கையை வீசிச் சுழற்றினால், கோண உந்த விதிப்படி உடல் எதிர்த்திசையிற் சற்றே திரும்பும்.

இதைத் திரையில் நிகழ்த்துவதற்கு, உருவத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கற்பனைத் தசையை வைத்து, அது விரும்பும் கோணத்துக்கும் உள்ள கோணத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணந்தோறும் கணித்து விசை கொடுக்கும் உபாயம் இருக்கிறது. 2008இல் வெளிவந்த 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ 4' என்னும் விளையாட்டில், நச்சுரல்மோஷன் நிறுவனத்தின் 'யுபோரியா' மென்பொருளால் இயங்கிய மாந்தர், தள்ளுண்டபோது எதையாவது பற்றிப் பிடிக்கத் தவித்தமை பலருக்கு ஞாபகமிருக்கும். 2018இற் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூ பின் பெங் முதலியோர் 'டீப்மிமிக்' என்னும் ஆய்விற் கணினி உருவமொன்றுக்குப் பின்கரணம் கற்பித்தார்கள். பயிற்சியை எப்போதும் நிலத்திலிருந்தே தொடங்காமல், அசைவின் ஏதாவதொரு நடுக்கட்டத்திலிருந்தும், அதாவது அவ்வுருவத்தை அந்தரத்திலே வைத்தும், தொடங்கினார்கள். தாவத் தெரியாத நிலையிலேயே அது இறங்கப் பழகிக்கொள்ள முடிந்தது. நமது பாடசாலைப் பயிற்றுநர்கள் பலர், ஓடிவந்து பாயவிடுவதற்கு முன் பிள்ளைகளை ஒரு வாங்கின் மேல் ஏற்றி மணலில் குதிக்கச் சொல்வதும் இதே கிரமம்.

ஆயினும் இயந்திரத்துக்கு மனிதத் தசையின் தாமதத்தையும் கொடுக்காவிட்டால், அது இறங்குவது மெய்போலத் தோன்றாது. திரை செக்கனுக்கு அறுபது தடவை புதுப்பிக்கப்படுகிறது. நமது நரம்பும் தசையுமோ எதிர்பாராத சரிவுக்கு விடைகொடுக்கச் செக்கனிற் பத்திலொரு பங்கு அளவாவது எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் சறுக்குவீரர் மூன்று மீற்றர் வரை ஓடிவிடுகிறார். அவரது திருத்தம் எப்போதும் சற்றுப் பிந்தியே வருவதால், ஒருபக்கம் சரிந்த உடல் மறுபக்கமும் சற்றுச் சரிந்தே நேராகிறது. இந்த மிகைத்திருத்தத்தை ஆடுபவனின் கையிலேயே ஒப்படைத்து, பொத்தானுக்குப் பின் ஓரிரு செக்கன் அவனையே போராட விடும் விளையாட்டையே நான் மெச்சுவேன். அப்போராட்டம் எதுவரை நீளவேண்டும் என்பதற்கு மெய்யான போட்டியிலேயே எல்லை உண்டு: சரிவின் அடியில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள், அதைக் கடக்கும்வரை விழுந்தாற் புள்ளி போகும், கடந்தபின் எப்படிப் புரண்டாலும் நடுவர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.