ரிசல்ட்டை முதலில் யாரிடம் சொல்வது?

வள்ளியூர்ப் பக்கம் ஒருவரைத் ‘திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாவ’ என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை. 1981-இல் அங்கே தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை ‘ஆர்.சி.சி.’ என்ற பெயரில் நாங்குநேரியிலிருந்து நாகர்கோவில் வரை எல்லோருக்கும் தெரியும். நோயாளிக்கும் தெரியும். ஆனாலும் ‘சும்மா ஒரு ஸ்கேன் பாக்கத்தாம்மா’ என்று சொல்லித்தான் ரயிலேற்றுகிறார்கள். அந்த அம்மாவும் நம்பியதுபோலவே சன்னலோரம் உட்கார்ந்து வருவார்.

இதற்கு முந்தைய காட்சியும் நமக்குப் பழக்கமானதுதான். பயாப்சி முடிவு வந்திருக்கும். “அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க” என்பார் டாக்டர். கதவு சாத்தப்படும். பத்து நிமிடம் கழித்து மகன் வெளியே வருவான், நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, “ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டிதான்” என்பான். மகன் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் சொல்லும் தாய்க்கு இது புரியாதா?

மறைப்பவர் பக்கத்து நியாயம்

மறைப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. ‘கேட்டா ஒடஞ்சிருவாவ’ என்ற பயம் உண்மையானது. மகள் கல்யாணம் முடியும்வரை வெளியே தெரியக்கூடாது என்ற கணக்கும் உண்டு. டாக்டருக்கும் வேறு நெருக்கடி: வெளியே டோக்கனோடு கூட்டம் நிற்கிறது, பணம் கட்டுவது மகன், பேசுவதும் மகன்தான். இப்போது லேப் ரிப்போர்ட் நேராகத் துபாயில் இருக்கும் பிள்ளையின் வாட்ஸ்அப்புக்கே போய்விடுகிறது. உடம்புக்குச் சொந்தக்காரர்தான் கடைசியில் கேள்விப்படுகிறார்.

இதில் முதலில் பறிபோவது அவருடைய முடிவுகள். நிலத்தை யார் பேருக்கு எழுதுவது, வங்கிக் கணக்கில் நாமினி யார், உவரிக் கோயிலுக்கு நேர்ந்த கடனை எப்போது முடிப்பது, வெளிநாட்டு மகளை ஒருமுறை வரச்சொல்லிப் பார்ப்பதா என்பதையெல்லாம், தனக்கு என்னவென்று தெரிந்தவர்தான் தள்ளிப்போடாமல் தீர்மானிக்க முடியும். அடுத்தது பேச்சு. அம்மாவுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல் நடிப்பதிலேயே இருக்கிற நாட்களும் கரைந்துவிடும். அம்மா தன் பயத்தைச் சொல்லி அழக்கூட அந்த வீட்டில் ஆள் இருக்காது.

கோழிக்கோட்டில் நடந்தது

இந்தியாவில் வலிதணிப்பு மருத்துவம் வளரக் காரணமானவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்தபோது நடந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியில் துடித்த ஒரு கல்லூரி ஆசிரியரை அவரிடம் அனுப்பியிருந்தார்கள். நரம்பில் ஊசி போட்டார், வலி நின்றுவிட்டது. அடுத்து எப்போது வரவேண்டும் என்று ஆசிரியர் கேட்டதற்கு, இனி வரத் தேவையில்லை என்று ராஜகோபால் பதில் சொன்னார். அந்த ஊசியை நோய்க்கான சிகிச்சை என்று நம்பி வந்தவர் அவர். நோய் தீராத கட்டத்துக்குப் போய்விட்டதை அதுவரை யாருமே அவரிடம் சொல்லவில்லை. அன்றிரவே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

‘பாத்தீங்களா, உண்மை தெரிஞ்சா இப்படித்தான்’ என்று சிலர் இதையே சாட்சிக்கு இழுக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு டாக்டர் சொல்லாமல் விட்டதும், இன்னொருவர் வலியை மட்டும் பார்த்து மனிதரைப் பார்க்காமல் பதில் சொன்னதும் சேர்ந்துதான் அவரைத் தனியாக விட்டன. ராஜகோபால் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 1993-இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் வலிதணிப்புச் சங்கம் தொடங்கினார். 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பும் பிறந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அமெரிக்காவிலும் மறைத்தார்கள்

‘அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி, நம்ம சனம் தாங்காது’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. ஆனால் 1961-இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றே சொன்னார்கள். 1979-இல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்ட ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டில் மனிதர்களின் நெஞ்சு உரம் மாறிவிடவில்லை. சிகிச்சை வளர்ந்தது, மருத்துவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எப்படிச் சொல்வது?

வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய புற்றுநோய்த் துறை மருத்துவர்கள் 2000-இல் ஆறு படிகள் கொண்ட ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க மாணவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கற்றுத்தருகிறார்கள். ஆறையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. அதன் உயிர்நாடி, சொல்வதற்கு முன்னால் கேட்பது.

முதலில் இடம். நர்ஸ் வந்துபோகும் மேசையோரம் நின்றுகொண்டு இதைப் பேசக்கூடாது. கதவைச் சாத்தி, செல்போனை அமைதியாக்கி, டாக்டர் உட்கார வேண்டும். நின்றுகொண்டே பேசுபவர் கிளம்பத்தான் பார்க்கிறார் என்று நோயாளிக்குத் தோன்றும். கூட யார் இருக்கலாம் என்பதை நோயாளியே சொல்லட்டும்.

பிறகு, “ஒங்க ஒடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கீய?” என்று ஒரு கேள்வி. பாதிப் பேர் தாங்களே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து, “ரிசல்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் வெவரமாச் சொல்லணுமா, இல்ல இனி என்ன செய்யணும்ங்கத மட்டும் சொன்னாப் போதுமா?” சிலர், “எனக்கு ஒண்ணும் வேண்டாம், மவன்கிட்டயே சொல்லிருங்க” என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. கேஸ் ஷீட்டில் அதை எழுதிவைத்துவிட்டு மகனிடம் பேசலாம். மகனே முடிவுசெய்து அம்மாவை வெளியே உட்காரவைப்பது வேறு.

கேட்கத் தயார் என்றால், “நாம எதிர்பாத்த மாதிரி ரிசல்ட் வரல” என்று முன்கூட்டி ஒரு வரி. அதன்பின் நோயின் பெயரைத் தமிழில், புரியும்படி. மெட்டாஸ்டாசிஸ், கிரேடு, ஸ்டேஜ் என்று அடுக்கினால் டாக்டர் பேசிவிட்டதாக அர்த்தம், நோயாளி கேட்டதாக அர்த்தமில்லை. பெயரைச் சொன்னதும் டாக்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அழுதால் அழவிட வேண்டும். அந்த நேரத்தில் சொல்லும் மருந்து விவரம் எதுவும் மனதில் நிற்காது. அதைத் தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் மறுபடி வரச்சொல்வதுதான் சரி.

‘இன்னும் எத்தன நாள் டாக்டர்?’ என்பதற்குத் தேதி குறிக்கக் கூடாது. நாட்களா, மாதங்களா, வருடங்களா என்ற அளவில் சொன்னால் போதும். ‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்ற வாக்கியத்தை மட்டும் எந்த டாக்டரும் சொல்ல வேண்டாம். அது பொய். நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும் வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், புண்ணைச் சுத்தமாக வைக்கலாம்.

நம் மூத்த டாக்டர்கள் பலருக்கு இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. நோயாளியிடம் பேசுவது எப்படி என்பது 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்துதான் நாடு முழுவதும் கட்டாயப் பாடமானது.

கையெழுத்து யாருடையது?

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்கின்றன. ஆனால் யாருக்குத் தெரியவேண்டும் என்ற இடத்தில் நோயாளி, உறவினர் அல்லது பொறுப்பான நண்பர் என்று நழுவிவிடுகின்றன. அந்த ஓட்டையில்தான் நம் பழக்கம் வாழ்கிறது. சிகிச்சைக்கான ஒப்புதலில் அந்த நழுவல் இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில், சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் போட்ட கையெழுத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியென்றால், எதற்கென்று தெரியாமல் கீமோ படிவத்தில் கைநாட்டு வைக்கும் பெரியவரின் ஒப்புதல் எந்த வகை?

எச்.ஐ.வி. விஷயத்தில் இதே தமிழ்நாடு சரியாகத்தான் செய்கிறது. 1986-இல் நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் தொற்று கண்டறியப்பட்டது சென்னையில். இன்று அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில், ரத்தம் எடுக்கும் முன்பே ஆலோசகர் உட்காரவைத்துப் பேசுகிறார். முடிவை அந்த நபரிடம்தான் முதலில் சொல்கிறார். அவர் சம்மதமில்லாமல் பிறருக்குச் சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும் ஏன் தலைகீழ்?

வீட்டில் யாருக்காவது சோதனை நடக்கிறதா?

சதை எடுத்து அனுப்பும் நாளிலேயே, முடிவு வரும் முன்னால், அவரிடம் கேட்டுவிடுங்கள்: “ரிசல்ட் வந்தா ஒங்ககிட்ட சொல்லணுமா, வேற யார்கிட்டயும் சொல்லணுமா?” அவர் சொன்ன பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். செய்தி கேட்ட பிறகு தூக்கமில்லாமல் தவித்தாலோ, வாழவே வேண்டாம் என்று அவர் பேசினாலோ, தனியே விடாதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமல்ல, குழாயடியில் முகம் கழுவும் மகனும் அழைக்கலாம்.