அலையோரத் தூண்டில் – 4: காலடிப் பள்ளம்

மெரினாவிலிருந்து கோவளம் வரை கரையோரமாக நடந்தால் இரண்டு வகைத் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். ஆளை விட உயரமான கம்பும் பெரிய ரீலும் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. வெறும் கையில் நரம்பைப் பிடித்துக்கொண்டு அலையைப் பார்த்து நிற்பவர்கள் மற்றொரு வகை. தூண்டில் பழக ஆசைப்பட்டு வருகிற இளைஞரின் கண் முதலில் அந்தக் கம்பின் மேல்தான் விழும். கடையில் போய் விலை கேட்பார். கம்பு, ரீல், நரம்பு என்று கூட்டிப் பார்த்தால் சில ஆயிரங்கள் ஆகும். வீட்டு வாடகையும் வண்டிக்கடனும் நினைவுக்கு வர, ஆசையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். இந்த வாரம் எழுதுவது அவருக்காக.

அந்தப் பணம் எதை வாங்கித் தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தூரத்தை. நீளக் கம்பு ஈயத்தை நூறு மீட்டர்கூடத் தூக்கி எறியும். கையால் சுழற்றி வீசினால் இருபது, இருபத்தைந்து மீட்டர்தான் போகும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிடைக்கக்கூடிய மீன்களில் பெரும்பாலானவை அந்த இருபத்தைந்து மீட்டருக்குள்ளேயே மேய வருகின்றன. இதை நம்பினால் செலவில் முக்கால் பங்கு குறைந்துவிடும்.

ஏன் அவ்வளவு கிட்ட வருகின்றன? அலை உடைகிற இடத்தில்தான் இரை இருக்கிறது. அலை பின்வாங்கும்போது ஈரமணலில் முட்டை வடிவத்தில் ஒரு சின்ன உயிர் பின்பக்கமாகவே புதைந்து மறைவதைப் பார்த்திருப்பீர்கள். எலிப்பூச்சி என்பார்கள். அதோடு மணல் புழுக்கள், சிறு மட்டிகள், குஞ்சு இறால்கள். ஒவ்வோர் அலையும் மணலைப் புரட்டி இவற்றை வெளியே தள்ளுகிறது. கிழங்கான், கீச்சான், சின்னப் பாறைக்குட்டி, கெளுத்தி எல்லாம் அதற்காகவே முழங்கால் ஆழம்வரைகூட வரும். கிழங்கான் மணல் தரையை விட்டு அகலாத மீன். வலை நெருங்கினால் மணலுக்குள்ளேயே புதைந்து தப்பிக்கும். தூரத்து ஆழத்தில் அதைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே காசு குறைவாக இருப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் கடலின் தரையைப் படிப்பது. பெரும்பாலான மணற்கரைகளில், நீங்கள் நிற்கிற இடத்துக்குச் சற்று அப்பால் கரைக்கு இணையாக ஒரு பள்ளம் ஓடும். அதற்கும் அப்பால் ஒரு மணல்திட்டு. அலை திட்டின் மேல் ஏறும்போது உடைந்து வெள்ளையாக நுரைக்கும். பள்ளத்துக்கு வந்ததும் அடங்கிவிடும். கரையில் மறுபடி உடையும். இரண்டு வெள்ளைகளுக்கு நடுவே கொஞ்சம் கருமையாகத் தெரிகிற பட்டைதான் பள்ளம். அங்கேதான் இரை ஒதுங்குகிறது, மீனும் ஒதுங்குகிறது. வற்று நேரத்தில் ஒருமுறை போய், மேடு பள்ளம் எங்கே என்று பார்த்து, கரையில் ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீர் ஏறும்போது வாருங்கள். ஆனால் பருவமழைக்குப் பிறகு தரை மொத்தமாக மாறியிருக்கும், மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் படிப்புக்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களில் பலர் இதைப் படிக்காமலே பள்ளத்தைத் தாண்டி எறிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஊரூர் குப்பத்துப் பக்கம் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நீளக் கம்போடு நின்ற பையனிடம் சொன்னதைக் கேட்டேன்: “இன்னாத்துக்கு தம்பி அவ்ளோ தூரம் வீசுற? மீனு உன் காலாண்டதான் மேயுது.” பையன் “சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டு மறுபடி தூரமாகவே எறிந்தான். கையில் இருக்கிற கருவி அப்படிச் செய்யத்தான் சொல்லும்.

இனிச் செலவுக்கு வருவோம். காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடைகளில் எல்லாம் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் பருமனுள்ள தங்கூசி நரம்பு ஒரு சுருள். இதைவிட மெல்லியது கையை அறுக்கும். முள் கட்ட 0.30 மி.மீ. நரம்பு கொஞ்சம். கிளை நரம்பு தாய் நரம்பைவிட மெலிவாகவே இருக்கட்டும். பாறையில் மாட்டினால் முள் மட்டும் போகும், மற்றதெல்லாம் கைக்கு வரும். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். கிழங்கானுக்கு வாய் சின்னது, எட்டு அல்லது பத்தாம் நம்பர் முள் வேண்டும். கெளுத்திக்கு ஐந்து, ஆறு போதும். ஐம்பது கிராம் அளவில் ஈயக்குண்டு சில. எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

ஈயமும் வாங்க மனமில்லையா? மெக்கானிக் கடையில் தூக்கிப்போட்ட பழைய ஸ்பார்க் பிளக் நல்ல எடை. பாறை நிறைந்த இடத்தில் கருங்கல் சில்லை மெல்லிய நூலில் கட்டினால், சிக்கும்போது நூல் அறுந்து கல் மட்டும் போகும். சின்ன ஈயமணிகளை மட்டும் பல்லால் கடித்து இறுக்காதீர்கள், ஈயம் நஞ்சு.

ரீலுக்குப் பதில் கெட்டியான குளிர்பான பாட்டில். பக்கங்கள் வழவழப்பாக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். மூடியை இறுக மூடுங்கள். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் நரம்பின் இறுக்கத்தில் நசுங்காது, தவறி நீரில் விழுந்தாலும் மிதக்கும். நரம்பின் நுனியைப் பாட்டிலில் கட்டிவிட்டு மேலே சுற்றுங்கள். வீசும்போது கழுத்தை இடது கையில் பிடித்து அடிப்பக்கத்தைக் கடலுக்கு நேராக நீட்ட வேண்டும். வலது கையில் ஒரு முழம் நரம்பைத் தொங்கவிட்டு, ஈயத்தைப் பக்கவாட்டில் இரண்டு சுற்று சுற்றி விட்டால், நரம்பு பாட்டிலின் அடியிலிருந்து தானாகக் கழன்று ஓடும். வீசுவதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். கடற்கரையில் குழந்தைகள் எங்கிருந்து ஓடிவருவார்கள் என்று தெரியாது.

ஈயம் நரம்பின் நுனியில். அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கிளை முள். முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, ஐந்தாறு முறை தன்மேலேயே சுற்றி, கண்ணை ஒட்டிய வளையத்துக்குள் நுனியைத் திருப்பி நுழைத்து இழுக்க வேண்டும். இழுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடேறினால் முடிச்சு வலுவிழக்கும்.

ஈயம் விழுந்ததும் நரம்பைத் தளர்வில்லாமல் இழுத்து, ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கான் கடிப்பது விரலில் டக்டக்கென்று தெரியும். கம்பின் நுனி அசைவதைப் பார்த்துக் காத்திருப்பதைவிட இது எனக்கு எப்போதும் கூடுதல் மகிழ்ச்சி. கடலடியில் நடப்பது நேராக விரலுக்கு வருகிறது. ஆனால் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பெரிய திருக்கை ஒன்று மாட்டினால் தசை அறுந்துவிடும்.

இரைக்குச் சந்தையில் நூறு கிராம் சின்ன இறால் போதும். துண்டு துண்டாக நறுக்கி உப்பில் ஒரு இரவு வைத்தால் கெட்டிப்படும், முள்ளைவிட்டு எளிதில் கழலாது. மீன் வெட்டுகிற அக்காவிடம் கேட்டால் கணவாய்த் துண்டு சும்மாவே கிடைக்கலாம். எலிப்பூச்சியைக் கையால் தோண்டியெடுக்கலாம். தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம்.

நேரம்: விடியலும் அந்தியும், அதிலும் நீர் ஏறுகிற கடைசி இரண்டு மணி நேரம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். கரையோர நீரோட்டம் ஈயத்தை இழுத்துக்கொண்டு போனால், ஓட்டம் வரும் திசைக்குச் சற்று மேலே வீசுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே ஓடுவதை வண்ணி என்றும் இந்தக் கரை மீனவர்கள் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. கரையில் நிற்கிற கைத்தூண்டிலுக்கு அல்ல.

முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர்கள். மெரினாவில் தரை சட்டென்று சரியும். அலை உடையாமல், கலங்கிய நீர் கடலை நோக்கி ஓடுகிற இடைவெளி தெரிந்தால் அது இழுப்பு. அதன் ஓரத்தில் மீன் உண்டு, ஆனால் கரையில் நின்றபடிதான் வீச வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை, துணியால் பிடியுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உப்பிக்கொள்கிற பேத்தை வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கூவம், அடையாறு முகத்துவாரங்களில் பிடித்ததைச் சமைக்காமலிருப்பது நல்லது, அத்தனை கழிவு அங்கே கலக்கிறது.

படகு ஏற்றும் இடத்தில், கரைவலை இழுக்கும் இடத்தில் தூண்டில் போடுமுன் “அண்ணே, இங்க நிக்கலாமா?” என்று கேளுங்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். விரல் நீளக் குஞ்சுகளை ஈரக் கையால் எடுத்துத் திருப்பி விடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அந்த மாதங்களில் இரவில் டார்ச் அடிக்க வேண்டாம். அறுந்த நரம்பு ஒரு சாண் என்றாலும் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள், ஆமையின் கழுத்திலும் பறவையின் காலிலும் அது வருடக்கணக்கில் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் முள், நரம்பு, பாட்டில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரைக்கு மட்டும் காசு கொண்டு போனால் போதும்.

(அடுத்த வாரம்: கிழங்கான் பருவமும் கீச்சான் கூட்டமும்)