உப்பளக் கரையில் ஒரு பானையோடு

மேனாட்டு நகரங்களிலே, பூங்காவின் புல்தரையை அகற்றிவிட்டு, ஆராய்ச்சியாளரின் மேற்பார்வையில் ஊராரே குழியிலிறங்கி மண்ணைச் சுரண்டியும் சலித்தும் தம் ஊரின் பூர்வ சரித்திரத்தைத் தேடும் வழக்கம் பரவியிருக்கிறது. அத்தகைய உற்சாகத்தை இங்கே கொணர விரும்புவோர், மரக்காணத்தின் உப்பளக் கரையில் சற்று நின்று யோசிக்கலாம்.

கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் இடையே வெயிலில் வெண்மையாய்க் காயும் பாத்திகளைப் பார்ப்பவனுக்கு, பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் பொதுக்கே எனும் துறையை அடுத்துக் கூறும் சோபட்மா என்ற துறைமுகமும், சங்ககாலத்து ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும் இவ்விடமே என்று அறிஞர் பலர் கருதுவது எளிதில் நினைவுக்கு வராது. ஊர் நடுவே பூமீஸ்வரர் ஆலயச் சுவர்களில் சோழர் காலச் சாசனங்கள் மட்டும் வெளிப்படையாக நிற்கின்றன, மற்றவை மண்ணுக்குள்.

தெற்கே அரிக்கமேட்டின் வரலாறு, ஊராரே பழம்பொருள் தேடும் விஷயத்தில் இரு முகங்களைக் காட்டுகிறது. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், உள்ளூர்ச் சிறுவரிடமிருந்து பழைய மணிக்கற்களை விலைகொடுத்து வாங்கினார். அவ்விடத்தின் பெருமை அறிஞருலகுக்குப் புலப்பட்டதில் அப்பிள்ளைகளின் கூரிய கண்களுக்குப் பங்குண்டு. எனினும், பொறுக்கி விற்ற மணி எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை எவராலும் பின்னர் மீட்க இயலாது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து, இத்தாலியில் வனைந்த பானையோடுகள் கிடந்த மண்ணடுக்குகளைக் கொண்டே காலத்தை நிர்ணயித்தார். ஓடு இடம் பெயர்ந்திருந்தால் அந்த நிர்ணயம் ஏது?

பாதுகாக்கப்பட்ட இடங்களை அநுமதியின்றி அகழ, புராதனச் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டின் சட்டம் தடை விதிக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளைக் கண்டால் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. உடைந்த பானையோட்டுக்குப் பத்து ரூபாய் மதிப்பிடுபவர் யார்? பொற்காசைக் காக்கும் சட்டத்தின் கண்ணியில் ஓடு நழுவிவிடுகிறது. அதைப் பிடிக்க ஊராரின் கண்தான் வேண்டும். கீழடியில் முறையான அகழாய்வுக்குப் பல்லாண்டுகள் முன்பே பள்ளியாசிரியர் ஒருவர் மாணாக்கரைக் கொண்டு தடயங்களைத் திரட்டி அதிகாரிகளுக்குக் காட்டியதை நாம் அறிவோம்.

ஆகவே, இக்கரையில் தொண்டு செய்ய விரும்புபவன் மண்வெட்டியை நாட வேண்டியதில்லை. இறால் குட்டைக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கிணற்றுக்கும் எப்படியும் மண்ணை வெட்டுகிறார்கள். அப்போது அருகில் நின்று, பானையோடோ உறைகிணற்று வளையமோ தென்பட்டால், எடுக்காமல் படம்பிடித்து, ஆழத்தை முழக்கோலால் அளந்து குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே எழுதினால் போதும்.