நிலை எண்ணும் தமிழ்த் தொடரும்

வலை வழங்கி அனுப்பும் ஒவ்வொரு மறுமொழியும் மூன்றிலக்க நிலை எண் ஒன்றைத் தாங்கி வருகிறது. முதல் இலக்கம் வகையைச் சுட்டும்: 2 எனின் வெற்றி, 4 எனின் வேண்டுவோர் பக்கப் பிழை, 5 எனின் வழங்கியின் பிழை. எண்ணை அடுத்துச் சிறு ஆங்கிலத் தொடர் ஒன்றும் வருவதுண்டு. மறுமொழியைப் பயனருக்குத் தமிழில் உணர்த்தும் இடைமுகத்தை அமைப்போர் இவ்விரண்டனுள் எதனை மூலமாகக் கொள்வது என்பது ஆராயத்தக்கது.

தொடரை மூலமாகக் கொள்வதன் இடர்ப்பாட்டுக்கு 401 தக்க சான்றாகும். அதன் தொடரான 'அன்ஆத்தரைஸ்டு' என்பதை நேராகப் பெயர்த்தால் 'அனுமதி இல்லை' என்றாகும். ஆனால், 2022இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்னும் வரையறையின்படி, செல்லத்தக்க அடையாளச் சான்று இல்லை என்பதே 401இன் பொருள். வேண்டுகோளைப் புரிந்துகொண்டும் வழங்கி மறுப்பதைக் குறிப்பது 403. முன்னதற்கு 'உள்நுழைந்து தொடர்க' என்பதும், பின்னதற்கு 'அனுமதி இல்லை' என்பதும் பொருந்தும். இரண்டிற்கும் ஒரே தொடரைத் தந்தால், கடவுச்சொல்லை இட்டாலே போதும் என்ற நிலையிலுள்ளவரும் வழியில்லை எனத் திரும்பிவிடுவார்.

404, 410 ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழ் வினையமைப்பே காட்டவல்லது. 404க்குக் 'கிடைக்கவில்லை' என்பது போதும். பக்கம் பின்னர்க் கிடைக்குமா என்பதை அவ்வெண் கூறுவதில்லை. நிலையான இன்மையைக் குறிக்கும் 410க்கு, முடிவுத்தன்மையை உணர்த்தும் 'விடு' துணைவினையுடன் 'நீக்கப்பட்டுவிட்டது' எனலாம்.

2015இல் வரையறுக்கப்பட்ட எச்.டி.டி.பி. 2 ஆங்கிலத் தொடரை அறவே விட்டுவிட்டது. எனவே, நிரல் எண்ணையே நோக்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் எண்ணும் அதன் வரையறையும் சேர்த்துத் தரப்படுதல் வேண்டும்.