பிள்ளைக்கு மடிக்கணனி: புதியதா, பாவித்ததா?

மகள் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி இருக்கிறாள். அல்லது மகன் தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்திருக்கிறான். "உம்மா, ஒரு மடிக்கணனி வேண்டும்" என்ற பேச்சு இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வீடுகளில் சாதாரணமாகி விட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுப் படித்ததையும், சிக்னல் தேடிக் குன்றேறியதையும் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள்.

கேட்பது நியாயம்தான். ஆனால் விலை? 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாயிற்று. மடிக்கணனியோ பெரும்பாலும் இறக்குமதிப் பொருள். இதனால்தான் சீட்டுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, "புதியதா, பாவித்ததா?" என்று குடும்பங்கள் குழம்புகின்றன.

ரீகண்டிஷன் என்றால் என்ன?

ஜப்பானில் ஓடிய வாகனத்தைச் சீர்செய்து இங்கே விற்பதை நாம் அறிவோம். கணனியிலும் அதே கதைதான். வெளிநாட்டுக் கம்பனிகள் தம் ஊழியர்களுக்குக் கொடுத்த மடிக்கணனிகளை மூன்று, நான்கு வருடங்களில் மொத்தமாக மாற்றி விடுகின்றன. அவற்றைச் சோதித்து, பழைய தகவல்களை அழித்து, பழுதான பாகங்களை மாற்றி விற்பதே ரீகண்டிஷன். ஒருவர் பாவித்ததைத் துடைத்து அப்படியே விற்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்களும் உண்டு. எனவே "என்னென்ன மாற்றினீர்கள்?" என்பதே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

டெல் லெட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவை அலுவலகப் பாவனைக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. மறுபுறம், மிகக் குறைந்த விலைப் புதிய கணனிகள் சிலவற்றில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் மட்டுமே இருக்கும். பின்னர் கூட்டவும் முடியாது. ஆறு மாதத்தில் பிள்ளை "மெதுவாக இருக்கிறது" என்று அழும். ஆகவே, புதியது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்கக் கூடாது.

எண்ணைப் பாருங்கள்

"ஐ5 கணனி" என்று கடைக்காரர் சொன்னால் அது போதாது. அதற்குப் பின்னால் வரும் எண் என்ன என்று கேளுங்கள். 8250 என்றால் முதல் இலக்கம் 8. அது எட்டாம் தலைமுறை. 7200 என்றால் ஏழாம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் இன்னும் புதியது.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புச் சேவையை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தி விட்டது. அடுத்துள்ள விண்டோஸ் 11, இன்டெல் கணனிகளில் ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி இயங்காது. சிலர் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். அதற்குத் தொடர்ந்து பாதுகாப்புச் சேவை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணனிகள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்பதைக் குறைந்த அளவாக வைத்துக் கொள்ளுங்கள்.

பற்றரிதான் உயிர்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. இப்போது நிலைமை அப்படியில்லை. என்றாலும் மழையும் காற்றும் வந்தால் மலைநாட்டில் மின்சாரம் போவது புதிதல்ல.

பற்றரி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 50,000, இப்போது ஏறுவது 30,000 என்றிருந்தால் பற்றரி 60 வீதம்தான். மாற்றுப் பற்றரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். கணனியின் அடிப்பாகமோ விரல் தடவும் பலகையோ உப்பியிருந்தால் வாங்கவே வேண்டாம். அது தீப்பிடிக்கக் கூடிய பற்றரி.

நம் ஊருக்கென்று சில கவனங்கள்

கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவுகள் அதிகம். ஆனால் பழுதானால் திரும்பவும் அங்கே போய்வரும் செலவும் நாளும் யாருடையவை? விலை வித்தியாசம் சிறிதென்றால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ உள்ள நம்பிக்கையான கடையே இலாபம்.

பனியும் ஈரமும் கணனிக்குப் பகை. குளிரில் கொண்டு வந்த கணனியை அடுப்பு எரியும் அறையில் உடனே போடாதீர்கள். உள்ளே நீர் பூக்கும். அரை மணி நேரம் பொறுங்கள். இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றி விடுங்கள். போர்வை மேல் வைத்துப் பாவிக்க விடாதீர்கள். காற்றுத் துவாரம் அடைபடும்.

எழுத்தில் வாங்குங்கள்

தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. குறையைச் சொல்லி விற்பது விற்பவரின் கடமை. கேட்டறிவதில் வாங்குபவருக்கும் வெட்கம் தேவையில்லை. "நானா, இதில் என்ன குறை இருக்கிறது? எத்தனை மாதம் உத்தரவாதம்? அதை பில்லில் எழுதித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். கணனியின் தொடர் இலக்கமும் பில்லில் இருக்கட்டும்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும். தவணைக்கு எடுப்பவர்கள், அதில் வட்டி கலந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுக் கொள்ளட்டும்.

எதை வாங்குவது?

8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள புதிய கணனிக்குக் கையில் காசு இருந்தால், ஒரு வருட உத்தரவாதத்துடன் புதியதையே வாங்குங்கள். அந்தளவு இல்லையென்றால், மிக மலிவான புதியதை விட, எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, நல்ல பற்றரி உள்ள, எழுத்தில் உத்தரவாதம் தரும் ரீகண்டிஷன் கணனியே மேல். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள். வேறு கடை பாருங்கள், அல்லது அடுத்த சீட்டு வரை பொறுங்கள்.